வாசகர் கேள்வி: கட்டுரையை எழுதியது பிள்ளையா, இயந்திரமா?

கேள்வி: காரைக்குடியில் நடக்கும் பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கு நடுவராக இருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகள் பற்றி வந்த கட்டுரைகளில் சில செயற்கை நுண்ணறிவு எழுதியவையோ என்று ஐயமாக இருக்கிறது. உறுதியாகக் கண்டறிய மென்பொருள் உண்டா?
– ஓர் ஆசிரியை, தேவகோட்டை

பதில்: உறுதியாகச் சொல்லும் மென்பொருள் இல்லை, அம்மா. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவி, அதன் சொந்தச் சோதனையிலேயே இயந்திரம் எழுதியவற்றுள் 26 விழுக்காட்டைத்தான் கண்டுபிடித்தது. மனிதர் எழுதியவற்றுள் 9 விழுக்காட்டின் மீது வீண்பழியும் சுமத்தியது. அதுவும் ஆங்கிலத்தில். பிற மொழிகளில் நிலைமை இன்னும் மோசம் என்று எச்சரித்திருந்த அந்நிறுவனம், துல்லியம் போதாதென்று அவ்வாண்டு ஜூலையிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஆகவே, கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பி எந்தப் பிள்ளையையும் விலக்கிவிடாதீர்கள். செய்யாத குற்றத்தைச் சுமக்கும் பிள்ளை மறுபடி பேனாவை எடுக்கத் தயங்கும்.

கட்டுரையில் உள்ள விவரங்களைப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல், கண்ணாடியின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்து, நீரில் ஊறவைத்துச் செய்யப்படுவது; அதைச் ‘சூளையில் சுட்ட கல்’ என்று பிழையற்ற நடையில் ஒரு கட்டுரை வருணித்தால், எழுதியவர் அந்தப் பட்டறையைப் பார்த்ததில்லை என்று தெரியும். ஆனால், அந்தத் தவற்றை மனிதரும் செய்யக்கூடும் என்பதால், ஐயத்துக்குரிய மாணவரை அழைத்து, வீட்டு முகப்பிலிருந்து வளவுக்குள், அதாவது உள்முற்றப் பகுதிக்குள், நுழைந்ததும் தாம் கண்டதைப் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். முதல் வரைவு இருந்தால் அதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.