அட்வான்ஸ்டு இ.எம்.டி படிப்பு நேர விரயமா?

கேள்வி: அமெரிக்காவில் இ.எம்.டி (ஆம்புலன்ஸில் போகும் அவசர மருத்துவ உதவியாளர்) படிப்பை முடித்துவிட்டேன். அடுத்து அட்வான்ஸ்டு இ.எம்.டி படிக்கலாமா, அது நேர விரயமா, நேராகப் பாராமெடிக் போய்விடலாமா?

'நேர விரயம்' என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகவே பதில் எழுதுகிறேன். என்னிடமும் இதைத்தான் சொன்னார்கள். "ஆம்புலன்ஸ்ல ஆள் தூக்குறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு படிப்பு?" என்று ஊரிலிருந்து பெரியம்மா போனிலேயே கேட்டுவிட்டார். உங்களுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். பகலில் வேலை, ராத்திரி வகுப்பு, வீட்டில் பிள்ளைகள் என்று ஓடிக்கொண்டிருப்பவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது வர்ஜீனியாவில், ஒரு தன்னார்வ மீட்புப் படையில். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரே மாநிலத்திலும் உங்கள் படையின் மருத்துவ இயக்குநர் எதை அனுமதிக்கிறாரோ அதைத்தான் செய்ய முடியும். ஆகவே "எங்கள் பக்கம் அப்படி இல்லையே" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நர்ஸாக இருப்பவர்களும் கோபிக்க வேண்டாம், உங்கள் படிப்போடு இதை நான் ஒப்பிடவே இல்லை.

இங்கே மொத்தம் நான்கு படிகள். முதலில் இ.எம்.ஆர், அதாவது முதலில் போய் முதலுதவி செய்பவர், அப்புறம் இ.எம்.டி, அதற்கு மேல் அட்வான்ஸ்டு இ.எம்.டி, உச்சியில் பாராமெடிக். இ.எம்.டி படிப்பு ஏறத்தாழ 150 முதல் 190 மணி நேரம். அட்வான்ஸ்டு அதற்கு மேல் இன்னொரு 150 முதல் 250 மணி நேரம். பாராமெடிக் என்றால் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் நடுவில் இருக்கும் படியை எதற்கென்று கேட்கிறார்கள்.

அந்த நடுப்படி என்ன தருகிறது? கையில் டிரிப்ஸ் ஏற்றலாம். நரம்பு கிடைக்காதபோது முழங்காலுக்குக் கீழே எலும்பில் துளையிட்டு மருந்து செலுத்தலாம். மூச்சுக்குழாய்க்குள் போகாமல் தொண்டைக்கு மேலேயே நிற்கும் காற்றுக்குழாயைப் பொருத்தலாம். சுகர் இறங்கியவருக்கு நரம்பு வழியாகக் குளுக்கோஸ், போதை மருந்தால் மூச்சு நின்றவருக்கு நலாக்ஸோன், ஒவ்வாமையில் தொண்டை அடைத்தவருக்கு எபிநெஃப்ரின், இளைப்புக்கு அல்புடெரால், நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் எல்லாம் உங்கள் கையால் கொடுக்கலாம். ஈசிஜி எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பலாம். அதைப் படித்துப் பார்த்து இதயத்துக்கு மருந்து கொடுப்பது பாராமெடிக்கின் வேலை.

வகுப்பில் எல்லோரும் ஊசிக்குத்தான் பயப்படுவார்கள். நிஜத்தில் ஊசி சீக்கிரம் கைக்கு வந்துவிடும். ஊசியின் தடிமனைச் சொல்லும் எண்ணை, பச்சை 18, ரோஸ் 20, நீலம் 22 என்று நிறத்தைப் பார்த்தே எடுக்கப் பழகிவிடுவீர்கள். ரப்பர் கை, அப்புறம் கூடப் படிப்பவரின் கை, அப்புறம் மருத்துவமனையின் அவசரப் பிரிவு என்று போகும். மனதை வாட்டியது அதுவல்ல, எப்போது குத்தக்கூடாது, எப்போது கொடுக்கக்கூடாது என்ற பாடம்தான். விபத்தில் ரத்தம் கொட்டுகிறவருக்கு உப்புத்தண்ணீரை மளமளவென்று ஏற்றினால் பிரஷர் ஏறும், உறைந்துகொண்டிருக்கும் ரத்தக்கட்டி பிய்த்துக்கொள்ளும், மிச்ச ரத்தமும் நீர்த்துக் குளிர்ந்து உறையாமல் போகும். அதனால் தலையில் அடியில்லாத பெரியவர் என்றால் மேல் பிரஷர் 80, 90-க்குப் பக்கத்தில் நின்றாலே போதும், வண்டியைக் கிளப்பு என்பார்கள். நெஞ்சுவலிக்காரர் வயாக்ரா மாதிரி மாத்திரை சாப்பிட்டிருந்தால் நைட்ரோ கொடுக்கவே கூடாது, பிரஷர் பாதாளத்துக்குப் போய்விடும். அப்பா வயதுக்காரரிடம், அவர் மனைவி பக்கத்தில் நிற்கும்போது, அந்தக் கேள்வியைத் தமிழில் எப்படிக் கேட்பது? எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் மனைவியை மருந்துப் பையைத் தேடி எடுத்துவர அனுப்பிவிட்டுக் கேட்பேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஆளை அடையாளம் காட்டும் எதையும் சொல்ல மாட்டேன்.

பயிற்சியின் கடைசிக் கட்டத்தில், பிரிசெப்டரோடு, அதாவது கூடவே வந்து மேற்பார்க்கும் மூத்தவரோடு, வண்டியில் போகிற காலம். மகன் வீட்டுக்கு இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா. "ஸ்ட்ரோக்" என்று 911-க்குச் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் வாய் கோணியிருக்கிறது, ஒரு கை துவண்டு கிடக்கிறது, பேச்சு வெறும் முனகல். ஆனால் நைட்டி முழுக்க வேர்வையில் ஊறியிருந்தது. விரலில் குத்தி சுகர் பார்த்தால் 38. சுகர் அடிமட்டத்துக்கு இறங்கினால் ஸ்ட்ரோக் போலவே வேஷம் போடும், அதனால்தான் ஸ்ட்ரோக் என்று எந்த அழைப்பு வந்தாலும் முதலில் சுகர் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள்.

வெறும் இ.எம்.டி-யாக இருந்திருந்தால் என் பையில் இருப்பது குளுக்கோஸ் பசைதான். விழுங்க முடியாதவர் வாயில் அதை வைத்தால் நுரையீரலுக்குப் போய்விடும். பாராமெடிக் வண்டி இன்னும் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

வயதானவர்கள் கையில் நரம்பு நன்றாகத் தெரியும், ஆனால் ஊசி பட்டதும் தோலுக்கடியில் வழுக்கி ஓடும். இடது கட்டைவிரலால் கீழ்ப்பக்கத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியைத் தாழ்த்தி மெல்ல நுழைத்தேன். ஊசியின் பின்பக்கம் இருக்கும் சின்னக் கூட்டில் ரத்தம் எட்டிப் பார்த்ததும் ஊசியை இன்னும் படுக்க வைத்து ஒரு நூல் உள்ளே தள்ளி, அதன் மேலிருக்கும் பிளாஸ்டிக் குழாயை மட்டும் நரம்புக்குள் நழுவவிட்டேன். சலைன் கொஞ்சம் தள்ளிப் பார்த்து வீக்கமில்லை என்று உறுதி செய்த பிறகுதான் குளுக்கோஸ். எங்கள் வண்டியில் இருப்பது 10 சதவீதக் கரைசல், 250 மில்லியில் 25 கிராம். பழைய 50 சதவீதக் கரைசல் பாகு மாதிரி, நரம்பை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே செத்துப்போகும்.

பை பாதி இறங்குவதற்குள் வாய் நேரானது. கண்ணைத் திறந்து என் முகத்தையும் சீருடையையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, நான் பேசுறது கேக்குதா?" என்றேன். "கேக்குது. நீ எந்த ஊரும்மா?" என்றார். காரைக்குடிப் பக்கம் என்றேன். மகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். உண்மையான வேலையே அப்புறம்தான். "இப்பதான் நல்லா ஆயிட்டாங்களே, ஆஸ்பத்திரி வேண்டாம், இன்ஷூரன்ஸ் ஒத்துக்காது" என்றார் மகன். நான் மாத்திரை அட்டையைக் கேட்டேன். கிளிமிபிரைடு, சுகர் மாத்திரை. ஏகாதசி விரதம், சாப்பாடு இல்லை, மாத்திரை மட்டும் வழக்கம்போல. அந்த வகை மாத்திரை நாள் முழுக்க கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும், சிறுநீரகம் தளர்ந்த வயதில் இன்னும் நீளும். நாங்கள் ஏற்றிய சர்க்கரை தீர்ந்ததும் ராத்திரி தூக்கத்திலேயே மறுபடி இறங்கும், அப்போது பக்கத்தில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள். இதை அந்த அம்மாவிடமே தமிழில் சொன்னேன். அவர் மகனைப் பார்த்து, "டேய், பொண்ணு சொல்றதைக் கேளு" என்றார். வண்டியில் ஏறினார்கள். பிரிசெப்டர் திரும்பி வரும்போது அந்த ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மாத்திரை அட்டையைக் கேட்டதைத்தான் பாராட்டினார்.

இதை விரயம் என்பவர்களுக்கு நான் வேறு என்ன பதில் சொல்வது?

இன்ஷூரன்ஸ் பேச்சு வந்ததால் சொல்கிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வருகிறீர்கள். கோயில், நயாகரா எல்லாம் காட்டுகிறீர்கள். அவர்கள் என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எதற்கு என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்ட ஏன் மனம் வருவதில்லை? "வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு" என்று சொன்னால் நாங்கள் என்ன செய்ய? பொங்கல் விழாவில் நெஞ்சை அமுக்கும் முதலுதவியை அரை மணி நேரம் செய்து காட்டுகிறேன் என்று எங்கள் பக்கத்து அமைப்பு ஒன்றிடம் கேட்டேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். நல்ல நாளில் சாவைப் பற்றிப் பேசுவானேன் என்று மறுத்துவிட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. நம் ஆட்களுக்கு மாரடைப்பு இளம் வயதிலேயே வருகிறது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பெரியம்மாவின் கேள்விக்கும் பதில் உண்டு. 1966-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அறிக்கை வெளியிட்டபோது இங்கே ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழ பாதியை நடத்தியவர்கள் ஈமச்சடங்கு நிலையக்காரர்கள். பிணம் ஏற்றும் வண்டியிலேயே நோயாளியும் போனார். மறு வருடம் பிட்ஸ்பர்கில் ஃபிரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களுக்கு, செயற்கை சுவாச முதலுதவியின் முன்னோடியான டாக்டர் பீட்டர் சேஃபர் பாடத்திட்டம் வகுத்துப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் வண்டிக்குள்ளேயே செய்துகாட்டிய சிகிச்சைதான் இன்று நாம் படிக்கும் பாடத்துக்கு வேர். 1975-ல் நகராட்சி அந்தச் சேவையைத் தானே எடுத்துக்கொண்டு அவர்களில் பெரும்பாலோரை ஓரங்கட்டியது. எங்கள் வர்ஜீனியாவின் ரோனோக் நகரில் 1928-லேயே ஜூலியன் ஸ்டான்லி வைஸ் என்பவர் தன்னார்வப் படை அமைத்தார். சின்ன வயதில் இரண்டு பேர் ஆற்றில் மூழ்கிச் சாவதைக் கரையில் நின்று பார்த்தவர் அவர். இவர்கள் செய்தது வெறும் ஆள் தூக்கும் வேலையா?

சரி, உங்கள் கேள்வி. உங்கள் ஊர் பெரிய நகரம், கூப்பிட்ட உடனே பாராமெடிக் வண்டி வந்துவிடும், இதையே பிழைப்பாகவும் எடுக்கப்போகிறீர்கள் என்றால் நேராகப் பாராமெடிக் போங்கள். அங்கே நடுப்படிக்குச் சம்பளமும் பெரிதாகக் கூடாது, கையில் கொடுக்கும் பொறுப்பும் குறைவு. மருத்துவமனை தள்ளியிருக்கும் கிராமப்புறம், தன்னார்வப் படை, குடும்பத்தை விட்டுவிட்டு ஒரு வருடத்துக்கு மேல் முழுநேரம் படிக்க முடியாத நிலை என்றால் அட்வான்ஸ்டு படியுங்கள். அங்கேதான் அதற்கு முழு வேலை இருக்கிறது. எதுவானாலும் இ.எம்.டி-யாகக் கொஞ்ச காலம் வண்டியில் ஓடிவிட்டுச் சேருங்கள். நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் இவர் நிலை மோசம் என்று தோன்றும் கண் அதில்தான் வரும்.

பணம் கட்டுமுன் பயிற்சி நிலையத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள். மருத்துவமனைப் பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே மாணவருக்கு நிஜமாகவே ஊசி போட விடுகிறார்களா, ஓரமாக நிற்க வைக்கிறார்களா? இரண்டாவது, சான்றிதழுக்காக எழுதும் தேசியப் பதிவேட்டுத் (நேஷனல் ரெஜிஸ்ட்ரி) தேர்வில் 2024 நடுவிலிருந்து தனிச் செய்முறைத் தேர்வு கிடையாது. அதை எடுத்துவிட்டதால் கைவேலையைச் சோதிக்கும் பொறுப்பு பயிற்சி நிலையத்தின் தலையில் இருக்கிறது. அதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில் சேராதீர்கள்.