சி டிரைவ் சிவப்பாகிவிட்டது: எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: ஐந்து வருடமாகப் பயன்படுத்தும் லேப்டாப். விண்டோஸ் 11. ஆன் செய்தால் டெஸ்க்டாப் வர நான்கு நிமிடம் ஆகிறது. சி டிரைவ் கோடு சிவப்பாகிவிட்டது. டெம்ப், பிரீஃபெட்ச் ஃபோல்டர்களைக் காலி செய்தால் வேகம் கூடும் என்கிறார் நண்பர். இதற்கிடையில் எப்படியோ வந்து உட்கார்ந்த ஒரு ‘கிளீனர்’, கணினியில் ஆயிரக்கணக்கான பிழைகள் இருப்பதாகவும் பணம் கட்டினால் சரிசெய்வதாகவும் சொல்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அந்தக் கிளீனரை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். நீங்கள் தேடிப்போய் வாங்காத ஒரு மென்பொருள், தானாக வந்து உங்களைப் பயமுறுத்துகிறது என்றால் அதன் தொழிலே அதுதான். அது எண்ணிக் காட்டும் ‘பிழைகள்’ பெரும்பாலும் இணையதளங்கள் விட்டுச்சென்ற குக்கீகளும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பயனற்றுக் கிடக்கும் சில வரிகளும்தான். அவற்றால் கணினி மெதுவாவதில்லை. ஆனால் ரெஜிஸ்ட்ரியில் தவறான ஒரு வரியை நீக்கினால் விண்டோஸே எழுந்து நிற்காமல் போகலாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. பெயர்பெற்ற கிளீனர் என்றால் பரவாயில்லையா என்றும் கேட்பார்கள். 2017இல் சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் விஷமிகள் தீநிரலை நுழைத்துவிட்டார்கள். அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே இறக்கிய லட்சக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் வசதிக்கு வெளியாள் எதற்கு?

சரி, ஃபைல்களை அழித்தால் வேகம் கூடுமா? பொதுவாகக் கூடாது. இரண்டு வருடமாகத் திறக்காத வீடியோ வட்டில் சும்மா கிடக்கிறது. அது பிராசஸரையும் தொடுவதில்லை, ராமையும் தொடுவதில்லை. ஆனால் உங்கள் நிலை வேறு. கோடு சிவப்பாகிறது என்றால் காலியிடம் பத்து சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது என்று பொருள். ராம் நிரம்பும்போது விண்டோஸ் வட்டில்தான் இடம் கடன் வாங்கும், அப்டேட்டை விரித்து வைக்கவும் அங்கேதான் இடம் தேடும். அது கிடைக்காதபோது திணறத்தான் செய்யும். அதனால் உங்களுக்கு அழிப்பது பலன் தரும். பதினைந்து, இருபது சதவீதம் காலியாக இருக்கும்படி பாருங்கள்.

செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ், அதற்குள் டெம்பரரி ஃபைல்ஸ். கொஞ்ச நேரம் தேடிவிட்டு ஒரு பட்டியலைக் காட்டும். பழைய அப்டேட் மிச்சங்கள், தற்காலிகக் கோப்புகள், தம்ப்நெய்ல்கள் (படங்களின் சிறு முன்னோட்டங்கள்) எல்லாவற்றையும் தாராளமாக அழிக்கலாம். ரீசைக்கிள் பின்னை மட்டும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அழியுங்கள்.

இங்கே ஓர் இடத்தில் நில்லுங்கள். அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அதில் டிக் போடாதீர்கள். டெம்பரரி என்ற தலைப்பின் கீழ் டவுன்லோட்ஸை ஏன் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அது உங்கள் ஃபோல்டர், விண்டோஸின் குப்பை அல்ல. என்னிடம் ஒரு பெண் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். மின்னஞ்சலில் வந்த சான்றிதழ்கள், ஒப்பந்தம், குழந்தையின் மருத்துவ அறிக்கைகள் எல்லாம் டவுன்லோட்ஸிலேயே இருந்திருக்கின்றன. பட்டியலில் அந்த வரிக்கு நேராகத்தான் அதிக ஜிபி காட்டியிருக்கிறது. டிக் போட்டு அழித்துவிட்டார். இந்த வழியில் அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். அவருடையது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத, வேகமான வகை வட்டு. அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும் என்பதால் மீட்பு மென்பொருள் ஓட்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. மறுபடி சொல்கிறேன், டவுன்லோட்ஸை நீங்களே திறந்து, அளவு வாரியாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகப் பார்த்து அழியுங்கள். பழைய இன்ஸ்டாலர்களும், ஒரே பிடிஎஃப் நான்கு முறை இறங்கியதும், பார்த்து முடித்த வீடியோக்களும் அங்கேதான் இருக்கும். அரை மணி நேரம் போகும், போகட்டும்.

நண்பர் சொன்னதில் பாதி சரி. டெம்ப் ஃபோல்டரை அழிக்கலாம். ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று விண்டோஸ் தடுக்கும் ஃபைல்களை அப்படியே விட்டுவிடுங்கள். பிரீஃபெட்ச் வேண்டாம். நீங்கள் எந்த மென்பொருளை அடிக்கடி திறக்கிறீர்கள் என்று விண்டோஸ் குறித்து வைத்திருக்கும் இடம் அது. அழித்தால் அந்தக் குறிப்புகள் மறுபடி சேரும்வரை மென்பொருள்கள் இன்னும் மெதுவாகத்தான் திறக்கும். விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் மற்ற எதிலும் கை வைக்காதீர்கள்.

இவ்வளவு செய்தாலும் அந்த நான்கு நிமிடம் முழுவதும் குறையாது. அதற்குப் பெரும்பாலும் காரணம் ஃபைல்கள் இல்லை, ஆன் செய்ததும் தானாகக் கிளம்பும் மென்பொருள்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். அரட்டைச் செயலி, விளையாட்டு லாஞ்சர், பிரிண்டர் உதவியாளர், லேப்டாப் நிறுவனம் சேர்த்து அனுப்பிய நாலைந்து என வரிசையாக நிற்கும். ஒன்றுகூட உங்களிடம் தெளிவாகக் கேட்டுவிட்டு அங்கே உட்காரவில்லை. காசு கொடுத்து வாங்கிய கணினியில் வாங்கியவரைக் கேட்காமல் ஏறிக்கொள்வதை இத்தனை வருடமாக யாரும் தட்டிக்கேட்கவில்லை என்பது எனக்கு ஆற்றாமைதான். ஆன்டிவைரஸையும், ஒலி, டச்பேட் சம்பந்தப்பட்டவற்றையும் விட்டுவிட்டு மற்றவற்றை டிசேபிள் செய்யுங்கள். எதுவும் அழியாது, தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம்.

அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் என்பதைச் சொடுக்கினால் உங்கள் வட்டு எச்டிடியா எஸ்எஸ்டியா என்று காட்டும். எச்டிடி, அதாவது சுழலும் தட்டுள்ள மெதுவான பழைய வகை என்றால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். அதற்குச் செய்யும் செலவு வீண்போகாது. பழுதுபார்ப்பவர், ‘ஃபார்மேட் போட்டால் போதும்’ என்று சொல்லக்கூடும். எல்லா நோய்க்கும் அந்த ஒரே மருந்தை வைத்திருப்பவர்கள் நிறைய. உங்கள் ஃபைல்கள் வேறொரு வட்டில் நகலெடுக்கப்பட்டதை உங்கள் கண்ணால் திறந்து பார்க்கும்வரை சம்மதிக்காதீர்கள். எஸ்எஸ்டி மாற்றினால், கழற்றிய பழைய வட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஃபைல்கள் எல்லாம் இன்னும் அதில்தான் இருக்கின்றன.