மகளின் டைரியை அப்பா படித்துவிட்டார், இனி எழுதுவாளா?

கேள்வி: என் மகளுக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நான்கு மாதங்களுக்கு முன் என் மாமனார் தவறிவிட்டார். இவள் தாத்தா செல்லம். அப்போதிருந்து சரியாகப் பேசுவதில்லை, தொட்டதற்கெல்லாம் கத்துகிறாள். பள்ளியில் கவுன்சிலர் சொன்னதால் டைரி வாங்கிக் கொடுத்தோம், தினமும் எழுதினாள். போன வாரம் என் கணவர் அதை எடுத்துப் படித்திருக்கிறார். "தாத்தாவைக் கடைசியா பாக்க விடல, ஊருக்குப் போயிருக்காருன்னு அப்பா பொய் சொன்னாங்க, அப்பாவைப் பிடிக்கல" என்று இருந்ததாம். அதைக் காட்டி அவளிடமே விளக்கம் கேட்க, அவள் டைரியைக் கிழித்துப் போட்டுவிட்டாள். மறுபடி எழுத வைக்க முடியுமா?
வாசகி, ஈரோடு

பதில்: முடியும் சகோதரி. ஆனால் அதற்கு முன்னால் அவள் எழுதியதற்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் குழந்தை தன் மனதில் இருப்பதை எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாள் என்று பாருங்கள். தாத்தா இறந்ததை மறைத்தீர்கள், கடைசியாக ஒருமுறை பார்க்க விடவில்லை, அந்தத் துக்கம்தான் அப்பா மேல் கோபமாக வருகிறது. உங்கள் கணவர் அவளிடம் தனியாக உட்கார்ந்து, கேட்காமல் படித்ததற்கும் பொய் சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்கட்டும். "உன் நல்லதுக்குத்தான்" என்று நடுவில் ஒரு வார்த்தை வரக்கூடாது. அப்புறம், தாத்தாவுக்கு என்ன ஆனது, எப்படி இறந்தார், எங்கே அடக்கம் செய்தோம் அல்லது எரித்தோம் என்று அவள் கேட்பதற்கெல்லாம் உள்ளதைச் சொல்லுங்கள். 10 வயதுக் குழந்தைக்கு, இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது நன்றாகவே புரியும்.

சரி, டைரி. புதிய நோட்டு, அவளே கடைக்கு வந்து எடுக்கட்டும், எங்கே வைப்பது என்பதும் அவள் இஷ்டம். யாரும் படிக்க மாட்டோம் என்று சொல்லுங்கள், விதிவிலக்கையும் அப்போதே சொல்லிவிடுங்கள்: அவள் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று பயம் வந்தால் மட்டும், அதுவும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான். சாக வேண்டும் என்பது போல அவள் எழுதினாலோ பேசினாலோ திட்டாமல் நேராகக் கேளுங்கள், அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எழுத்துப்பிழை திருத்தாதீர்கள், தினமும் ஒரு பக்கம் என்று கணக்கு வைக்காதீர்கள், அப்படிச் செய்தால் அது வீட்டுப்பாடம். தமிழும் இங்கிலீஷும் கலந்து எழுதலாம், படம் வரையலாம், கிறுக்கி வைக்கலாம், எழுதிக் கிழித்தும் போடலாம். இந்த வயதில் பயம், ஏக்கம், அவமானம் எல்லாவற்றுக்கும் "கடுப்பா இருக்கு" என்ற ஒரே வார்த்தைதான் வரும். அதைப் பிரித்துச் சொல்லப் பழகுவதில் பெரிய பலன் இருக்கிறது. 2007-ல் கலிபோர்னியாவில் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழு பெரியவர்களிடம் செய்த ஆய்வில், முகத்தில் தெரியும் உணர்ச்சிக்கு ஒரு பெயர் சொன்னபோது மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளைக் கவனிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்ததைப் பார்த்தார்கள். நீங்களே வீட்டில் "இன்னைக்கு தாத்தா ஞாபகம் வந்து எனக்கு அழுகையா வந்துச்சு" என்று சொல்லிக் காட்டுங்கள், அந்த வார்த்தைகள் அவளுக்கும் வரும்.

எழுதிய உடனே அவள் இன்னும் சோர்ந்து போனால் பதறாதீர்கள். 1986-ல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனதைப் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் மனம் கனத்துத்தான் போனது, ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரைப் பார்க்கப் போனது குறைந்தது. வளரிளம் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில் பலன் சிறியதுதான், அதனால் டைரியை மட்டுமே நம்பி இருந்துவிடாதீர்கள். தூங்கப் போகும் நேரத்தில் எழுதுவதைத் தவிர்த்து, சாயங்காலம் எழுதிவிட்டு விளையாடப் போகட்டும்.

என்ன எழுதுவது என்று கேட்டால், தாத்தாவுக்கு லெட்டர் எழுதச் சொல்லுங்கள். இன்று பள்ளியில் நடந்தது, அவரிடம் கேட்க நினைத்தது, அப்பா மேல் இருக்கும் கோபம், எல்லாமே. கூடவே உங்களுக்கும் அவளுக்கும் பொதுவாக இன்னொரு நோட்டு வையுங்கள். நேரில் கேட்க முடியாததை அவள் அதில் எழுதி உங்கள் தலையணைக்கடியில் வைப்பாள், நீங்களும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும், அதைப் பற்றி அவளாகப் பேச்செடுக்கும் வரை நீங்கள் எடுக்கக்கூடாது. இதில் உங்கள் கணவரும் சேரலாம், ஆனால் அவரைச் சேர்ப்பதா என்பதை அவளே சொல்லட்டும்.