விர்ச்சுவல் மெஷினுக்குள் ஃபைல் அனுப்ப நாஸ் வாங்க வேண்டுமா?

கேள்வி: கடைக் கணினியில் உபுண்டு போட்டிருக்கிறேன். டேலி கணக்குக்காக மட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரில், ஒரு விர்ச்சுவல் மெஷினாக (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினியாக) விண்டோஸ் 10 ஓடுகிறது. அங்கே போடும் பில் பிடிஎஃப்களை வெளியே எடுக்க ஒவ்வொரு தடவையும் பென் டிரைவைச் செருகி எடுக்கவேண்டியிருக்கிறது. கணினி விற்றவரிடம் கேட்டால், "இலவச சாஃப்ட்வேர்னா இப்படித்தான் சார், காசு கொடுத்து விஎம்வேர் வாங்குங்க, கூடவே ஒரு நாஸ் பெட்டியும் போட்டுடலாம்" என்கிறார். நாஸ் என்றால் பல கணினிகள் நெட்வொர்க் வழியே பகிர்ந்துகொள்ளும் ஹார்ட் டிஸ்க் பெட்டியாம். வாங்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில் விஎம்வேர் கதை. விர்ச்சுவல்பாக்ஸ் செய்யும் அதே வேலையைச் செய்யும் அவர்களுடைய வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 மே மாதம் சொந்த உபயோகத்துக்கு இலவசமானது, அதே வருடம் நவம்பரில் வணிக உபயோகத்துக்கும் இலவசம் என்று விஎம்வேரின் உரிமையாளரான பிராட்காம் அறிவித்துவிட்டது. அதற்கு யாராவது விலை சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். நாஸ் நல்ல பொருள்தான், ஆனால் நாலைந்து கணினி இருக்கும் இடத்துக்கு. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு சிஸ்டத்துக்கு நடுவே ஃபைல் போய்வர இன்னொரு பெட்டி எதற்கு?

நீங்கள் தேடுவது விர்ச்சுவல்பாக்ஸிலேயே இருக்கிறது, ஷேர்டு ஃபோல்டர் என்று பெயர். விண்டோஸ் ஓடும்போது மேலே டிவைசஸ் மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் (விர்ச்சுவல்பாக்ஸின் துணை சாஃப்ட்வேர்) சிடியைச் செருகச் சொல்லி, உள்ளே போய் அதை நிறுவி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் அதே மெனுவில் ஷேர்டு ஃபோல்டர்ஸ் செட்டிங்ஸ் போய் உபுண்டு பக்கத்து ஃபோல்டர் ஒன்றைக் காட்டி, 'ஆட்டோ மவுன்ட்', 'மேக் பெர்மனென்ட்' இரண்டையும் டிக் செய்தால், விண்டோஸில் அது இன்னொரு டிரைவாக வந்து நிற்கும். பெர்மனென்ட்டை விட்டுவிட்டால் மெஷினை அணைத்ததும் காணாமல் போய்விடும், பலர் குழம்புவது இங்கேதான். மவுஸால் இழுத்துப் போடும் வசதியும் உண்டு, அதை நம்பி வேலை செய்யாதீர்கள், ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது.

விர்ச்சுவல்பாக்ஸுக்குக் கூடுதல் வசதிகள் தரும் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற இன்னொன்று கண்ணில் படும். ஷேர்டு ஃபோல்டருக்கு அது தேவையே இல்லை. அது சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும்தான் இலவசம், கடையில் வைத்துப் பயன்படுத்த விர்ச்சுவல்பாக்ஸை வெளியிடும் ஆரக்கிளிடம் தனி லைசென்ஸ் வாங்கவேண்டும், அதனால் சும்மா இருக்கட்டுமே என்று போட்டு வைக்காதீர்கள்.

இனி கவனிக்கவேண்டியது. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உள்ளே ஒரு ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தால் ஷேர் செய்த ஃபோல்டரையும் சேர்த்தே பூட்டிவிடும், மெய்நிகர் கணினிதானே என்று அது பார்க்காது. ஆகவே மொத்த ஹோம் ஃபோல்டரையும் திறந்துவிடாமல் 'பில்' என்று ஒரு காலி ஃபோல்டரை மட்டும் கொடுங்கள், உள்ளே அனுப்ப மட்டும் வேண்டியவற்றுக்குத் தனியாக ஒன்றை வைத்து 'ரீட் ஒன்லி' டிக் செய்யுங்கள்.

டேலி டேட்டாவை ஷேர்டு ஃபோல்டரில் வைத்து ஓட்டவும் வேண்டாம். டேட்டா உள்ளேயே இருக்கட்டும், தினமும் கடை மூடும்முன் பேக்கப் மட்டும் வெளியே வரட்டும். ஏனென்றால் உங்கள் விண்டோஸ் முழுவதும் உபுண்டுவில் ஒரே ஒரு பெரிய விடிஐ ஃபைல் (மெய்நிகர் ஹார்ட் டிஸ்க்), அது கெட்டால் கணக்கு மொத்தமும் போச்சு. ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையைச் சேமித்த பிரதி) எடுத்திருக்கிறேனே என்பீர்கள், அதுவும் இதே டிஸ்க்கில்தான் கிடக்கிறது. செலவு செய்தே ஆகவேண்டும் என்றால் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி அந்த பேக்கப்பை அதில் போடுங்கள், 8 ஜிபி ராம்தான் இருக்கிறது என்றால் 16 ஆக்குங்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஹோம். விர்ச்சுவல் மெஷின் ஓட்ட மைக்ரோசாஃப்ட் தரும் ஹைப்பர்-வி வேண்டுமென்றால் ப்ரோவுக்கு மாறவேண்டும் என்கிறார்கள். உள்ளே லினக்ஸ் போட்டுப் பழகுவதற்குத்தான்.

பதில்: மாறாதீர்கள். ஹோமில் ஹைப்பர்-வி கிடையாது என்பது உண்மைதான், ஆனால் விர்ச்சுவல்பாக்ஸ் ஹோமிலேயே ஓடும், ஃபைல் பகிர்வதும் அதில்தான் சுலபம். உள்ளே லினக்ஸ் என்பதால் ஒரு வேலை மட்டும் கூடுதல்: உங்கள் பயனர் பெயரை வி-பாக்ஸ்-எஸ்-எஃப் (vboxsf) குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும், திறக்க அனுமதி இருக்காது.