ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவு: துடைத்துவிட்டுப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காரின் ஷாக் அப்சார்பர் பற்றியவை. மழைக்குப் பிறகு சாலைகள் இருக்கும் நிலையில் இது எதிர்பார்த்ததுதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சர்வீஸுக்கு விட்ட இடத்தில் "முன்பக்க ஷாக் ரெண்டும் லீக், மாத்தணும்" என்கிறார்கள். குனிந்து பார்த்தால் லேசான ஈரமும் அதில் ஒட்டிய புழுதியும்தான் தெரிகிறது. ஓட்டுவதில் வித்தியாசம் இல்லை. மாற்றத்தான் வேண்டுமா? (திருச்சி)

அவசரப்பட வேண்டாம். ஷாக்குக்குள் ஒரு ராடு மேலும் கீழும் போய் வருகிறது. அது வெளியே வரும் இடத்தில் ரப்பர் சீல் இருக்கும். ராடின் மேல் மெல்லிய ஆயில் படலம் இருந்தால்தான் அந்த சீல் காயாமல் உழைக்கும். அந்தப் படலத்தில் கொஞ்சம் வெளியே வந்து, ஷாக்கின் மேல்பாகத்தில் புழுதியோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். இதைக் கசிவு என்று சொல்லக் கூடாது. ஆயில் கோடாக இறங்கி அடிப்பாகம் வரை பளபளவென்று நனைந்திருந்தாலோ, கீழே சொட்டு நின்றாலோதான் சீல் போய்விட்டது என்று பொருள்.

சந்தேகம் இருந்தால் பழைய துணியால் சுத்தமாகத் துடைத்து, மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் 200, 300 கி.மீ. ஓட்டிவிட்டு அதே இடத்தைப் பாருங்கள். மறுபடி வழிந்திருந்தால் மாற்றுங்கள். காய்ந்தே இருந்தால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். துடைத்துப் பார்க்காமல் "லீக்" என்று எழுதித் தரும் எந்த எஸ்டிமேட்டையும் நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்று, சக்கரத்துப் பக்கம் தெரியும் ஈரமெல்லாம் ஷாக் ஆயில் இல்லை. கெட்டியாகக் கறுப்பாகச் சிதறியிருந்தால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை (பூட்) கிழிந்து கிரீஸ் வந்திருக்கும். டயரின் உட்புறத்தில் தண்ணீர் போல மெல்லிசாக வழிந்து, பானட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவிலும் அளவு குறைந்திருந்தால் அது பிரேக் லீக். அப்படியானால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

ஷாக்கைத் திறந்து, புது சீல் போட்டு, ஆயில் நிரப்பித் தருவதாக இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். புதியதின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். செய்யலாமா? (ஈரோடு)

வேண்டாம். பைக்கின் முன் ஃபோர்க்கில் ஆயிலும் சீலும் மாற்றுவது எல்லாரும் பார்த்த வேலை. அது கழற்றி மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. நம் சாதாரண கார்களில் வரும் ஷாக், தொழிற்சாலையிலேயே நிரந்தரமாக மூடி வருகிறது. உள்ளே பிஸ்டனில் தகடு தகடாக மெல்லிய ஸ்டீல் வால்வுகள் இருக்கின்றன. ஆயில் எவ்வளவு வேகத்தில் கடந்து போக வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. இவ்வளவு காலம் ஓடித் தேய்ந்த அந்த வால்வுகளை யாரும் மாற்றித் தரப்போவதில்லை. கனமான ஆயிலை ஊற்றி வெல்டு வைத்தால், கையால் அழுத்தும்போது கெட்டியாக இருக்கும், நல்லதென்று தோன்றும். ரோட்டில் அது காரின் எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் ஒத்துப்போகாது. இன்றைய ஷாக்குகள் பலவற்றில் நைட்ரஜன் வாயு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. அதை அறுப்பதும் துளையிடுவதும் சூடு காட்டுவதும் வேலை செய்பவருக்கே ஆபத்து. ரேஸுக்கும் ஆஃப்ரோடுக்கும் வரும் விலை உயர்ந்த ஷாக்குகளில் சிலவற்றை மட்டும் திறந்து சரிசெய்ய முடியும்.

ஒரு பக்கம்தான் கசிகிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா? (கடலூர்)

முன்பக்கம் என்றால் முன்பக்கம் இரண்டும், பின்பக்கம் என்றால் பின்பக்கம் இரண்டும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் 70,000 கி.மீ. ஓடியது என்றால், அவசரமாக பிரேக் பிடிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமுங்காது. ஜோடியாகப் போட்டு அதிக நாள் ஆகாமல் ஒன்று மட்டும் பழுதானால், அதே கம்பெனி, அதே பார்ட் நம்பரில் ஒன்றை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

பின்பக்க ஷாக் ஒன்று முழுக்க வழிந்துவிட்டது. பார்ட்ஸ் வர பத்து நாள் ஆகுமாம். அதற்குள் குடும்பத்தோடு கொல்லிமலை போகத் திட்டம். ஓட்டலாமா? (நாமக்கல்)

ஊருக்குள் மெதுவாக ஓட்டலாம். கொல்லிமலைக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அதனால் ஷாக் போனாலும் கார் உட்கார்ந்துவிடாது, "லேசாத் தூக்கிப் போடுது, அவ்வளவுதானே" என்றுதான் தோன்றும். பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தை ஸ்பிரிங் எகிற வைக்கிறது. அந்த எகிறலை உடனே அடக்கி டயரைத் தரையில் பதிய வைப்பதுதான் ஷாக்கின் வேலை. அது இல்லாவிட்டால் டயர் துள்ளிக்கொண்டே போகும். துள்ளுகிற நொடியில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். தரையில் பதியாத டயரை வைத்துக்கொண்டு ஏபிஎஸ்ஸும் ஒன்றும் செய்ய முடியாது. மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஐந்து பேர், லக்கேஜ், இறக்கத்தில் ஈரமான ஒரு வளைவு என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்தே மலைக்கு பஸ் போகிறது. இல்லையென்றால் டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள்.

பார்ட்ஸ் வரும்வரை டிக்கியில் பாரம் ஏற்றாதீர்கள், 50க்கு மேல் போகாதீர்கள், முன்னால் போகும் வண்டியிடமிருந்து வழக்கத்தைவிட அதிகம் தள்ளியே வாருங்கள்.

மூன்று மாதத்துக்கு முன்தான் முன்பக்கம் இரண்டும் புதிதாகப் போட்டேன். இடது பக்கம் அதற்குள் வழிகிறது. போலிச் சரக்கா? (மதுரை)

இருக்கலாம். ஆனால் அதற்கு முன் ராடைப் பாருங்கள். ராடை மூடியிருக்கும் டஸ்ட் கவரை மேலே தூக்கி, டார்ச் அடித்து, விரல் நகத்தை ராடின் மேல் நீளவாக்கில் மெதுவாக இழுங்கள். கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது நகம் மாட்டினால் காரணம் அங்கேதான் இருக்கிறது.

மேல் நட்டை முடுக்கும்போது ராடும் கூடவே சுற்றும். அதைப் பிடிக்க ராடின் தலையில் ஆலன் கீ போடும் குழியோ, ஸ்பேனர் மாட்டும் தட்டையான இடமோ கொடுத்திருப்பார்கள். அவசரத்தில் சிலர் அதை விட்டுவிட்டு, பளபளப்பான ராடையே கொறடாவாலோ பிளையராலோ கவ்விப் பிடிப்பார்கள். அந்தப் பல் தடம் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் சீலின் விளிம்பை அரம் போல அறுக்கும். சில நாளிலேயே சீல் போய்விடும். இந்த வேலைக்குப் புது ஷாக்கைப் பலி கொடுப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. பழைய டஸ்ட் கவரையும், ஷாக் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப்பையுமே திரும்ப மாட்டிவிடுவது இன்னொரு காரணம். இரண்டும் பெரிய விலை இல்லை, ஷாக்கோடு சேர்த்துப் புதிதாகவே போடச் சொல்லுங்கள்.

ராடில் தடம் இல்லையென்றால் பில்லோடு வாரண்டி கேளுங்கள். தடம் இருந்தால் பார்ட்ஸ் கம்பெனி ஏற்காது. மாட்டிய ஒர்க்‌ஷாப்தான் பொறுப்பேற்க வேண்டும். படம் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் முன்பக்க ஸ்ட்ரட்டை வீட்டில் நீங்களே கழற்றிப் பார்க்க நினைக்காதீர்கள். ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாமல் நடு நட்டைக் கழற்றினால், அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் சீறி வந்து ஆளையே கொல்லும்.

கார் பெரும்பாலும் ஷெட்டில்தான் நிற்கிறது. மொத்தமே 22,000 கி.மீ. அதற்குள் எப்படிக் கசியும்? (தூத்துக்குடி)

உப்புக்காற்றுதான் முதல் சந்தேகம். டஸ்ட் கவர் கிழிந்திருந்தால், வெளியே நிற்கும் ராடின் குரோம் பூச்சில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். என்றைக்காவது பாரம் ஏற்றி ஓட்டும்போது அந்தத் துரு சீலுக்குள் போய் வரும். வயதாக ஆக சீலின் ரப்பரும் விறைத்துவிடும். வாரம் ஒருமுறை கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

கசிவே இல்லை. ஆனால் ஸ்பீடு பிரேக்கரில் கடக் கடக்கென்று சத்தம். ஷாக் போய்விட்டதா? (சேலம்)

முதலில் லிங்க் ராடைப் பாருங்கள், வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைக்கும் சின்ன ராடு அது. இந்தச் சத்தத்துக்குப் பல கார்களில் அதுதான் காரணம், செலவும் குறைவு. பிறகு லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் ரப்பர்), ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பாடியோடு இணைக்கும் பாகம்) இரண்டையும் பாருங்கள். ஆனால் கசியாத ஷாக் எல்லாம் நல்ல ஷாக் என்று சொல்ல முடியாது. உள்ளே வால்வு தேய்ந்திருந்தால் வெளியே ஒரு சொட்டும் வராது. டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தால் ஷாக்கையும் சோதிக்கச் சொல்லுங்கள். பானட்டை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய முறையில், அடியோடு செத்துப்போன ஷாக் மட்டும்தான் பிடிபடும்.

மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் அவசியமா? (வேலூர்)

முன்பக்கம் ஸ்ட்ரட் மாற்றினால் அவசியம். சக்கரத்தின் சாய்வையே ஸ்ட்ரட்டை மாட்டும் போல்ட்டுகள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சின்ன கார்கள் பலவற்றில் பின்பக்கம் ஷாக் தனியாக இருக்கும், அதை மாற்றினால் அலைன்மென்ட் தேவையில்லை. ஆனால் பின் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கடைசியாக முடுக்கும்போது கார் சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முடுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும்.