கடைசியாக ஓடி வருகிறவன்

அன்புள்ள ஐயா,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு 11 வயது. பள்ளியில் 600 மீட்டர் ஓடவிட்டதில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். பி.டி. சார் 'சோம்பேறி' என்கிறார். பிஎம்ஐ சரியாகத்தான் இருக்கிறது. எந்தச் சத்து பவுடர் வாங்கலாம்? காலையில் ஒரு டீயோடு கிளம்பிவிடுகிறான்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பவுடரை விடுங்கள். அந்தக் காசுக்கு முட்டை, வேர்க்கடலை, முருங்கைக்கீரை வாங்கலாம். பிஎம்ஐயையும் விடுங்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்பதைத்தான் அது சொல்லும், ரத்தத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

போன வாரம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்ததிலிருந்தே ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவனின் நினைவாகவே இருக்கிறேன். அவன் சட்டைப்பையில் எப்போதும் பலப்பத்துண்டு இருக்கும். கடித்துத் தின்பான், வாயோரமெல்லாம் வெள்ளை. 'மண்ணுதின்னி' என்று கூப்பிட்டோம். நானும்தான். விடியற்காலையில் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கிவிட்டு, டீ மட்டும் குடித்து வருவான். சத்துணவு மதியம்தான்; ஓட்டமோ முதல் பீரியடில். 50 மீட்டரில் எங்களோடு சேர்ந்து வருவான். நீள ஓட்டத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். சோம்பேறி என்று வாத்தியார் வெறுங்காலிலேயே பிரம்பால் அடிப்பார்.

பலப்பத்துக்கும் மண்ணுக்கும் வாய் ஏங்குவது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம் என்று பின்னால்தான் படித்தேன். இரும்பு குறைந்தால் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறையும், தசைக்குப் போதிய ஆக்சிஜன் போகாது. குட்டி ஓட்டத்தைச் சமாளித்துவிடலாம், 600 மீட்டரில் மூச்சு முட்டும். கொக்கிப்புழு பெரும்பாலும் வெறுங்கால் வழியாகத்தான் ஏறும், குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். அடி வாங்கியதும் அதே கால். தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் காலை உணவு தொடங்கியபோது எனக்கு அவன் முகம்தான் வந்தது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு அம்மா. டீயைப் போகிறபோக்கில் கடைசி வரியில் எழுதுகிறீர்கள்! வளரும் பிள்ளைக்கு அது காலைச் சாப்பாடா? சாப்பாட்டோடு டீ குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்பும் உடம்பில் சரியாக ஒட்டாது. நாலு இட்லி கொடுங்கள், பழைய சோறாவது கொடுங்கள். டீயை நிறுத்துங்கள்.

அப்புறம் அவன் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருக்கிறதா என்று. எப்படியிருந்தாலும் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் 11.5 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையையும் வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையையும் விழுங்குகிறானா, ஜன்னல் வழியே எறிகிறானா என்று கேளுங்கள்.

ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள். அதுவரை வீட்டில் யாரும் அவனைச் சோம்பேறி என்று சொல்லக் கூடாது.