வாசகர் கேள்விகள்: பல்லாயிரம் புள்ளிகள் இருந்தும் குணகம் ஏன் குறைகிறது?

கேள்வி: துளையிட்ட எஃகுத் தகட்டின் மேல் கருப்பு வெள்ளைப் புள்ளிகளைத் தெளித்து, அதை இழுக்கும்போது படமெடுத்தேன். படங்களை ஒப்பிட்டுப் பல்லாயிரம் இடங்களில் திரிபை, அதாவது நீளம் எந்த விகிதத்தில் மாறியது என்பதை, கணக்கிட்டேன். சுமை செய்த வேலையையும் தகட்டில் சேர்ந்த மீள் ஆற்றலையும் சமன்செய்தால், எஃகின் விறைப்பைக் காட்டும் யங் குணகம் 193 ஜிகாபாஸ்கல் வருகிறது. இதே எஃகுக்குச் சாதாரண இழுவைச் சோதனை 210 தருகிறது. இத்தனை புள்ளிகள் இருக்கும்போது இரைச்சல் தானாக அடிபட்டுப் போய்விடாதா?
(ஓர் ஆராய்ச்சி மாணவர்)

பதில்: போகாது. கூட்டினால் அழியும் இரைச்சல், வர்க்கப்படுத்தினால் அழியாது. மீள் ஆற்றலில் இருப்பது திரிபின் வர்க்கம். எளிமைக்காக ஒரே திசைத் திரிபை எடுத்துக்கொள்வோம். உண்மைத் திரிபு 1000 மைக்ரோதிரிபு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு), இரைச்சலின் திட்டவிலக்கம் 300 என்று வையுங்கள். ஒரு புள்ளியில் 300 கூடுதலாகவும் இன்னொன்றில் 300 குறைவாகவும் பதிவானால், சராசரித் திரிபு பழையபடி 1000தான். வர்க்கத்தின் சராசரியோ 10,00,000க்குப் பதில் 10,90,000 ஆகிவிடுகிறது. ஆற்றல் 9 சதவீதம் மிகுந்து தெரிகிறது. சுமை செய்த வேலை மாறாததால், அந்த மிகுதியை ஈடுகட்டக் குணகம் இறங்குகிறது: 210ஐ 1.09ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் 193 கிடைக்கும்.

புள்ளிகளைப் பத்து மடங்காக்கினாலும் இதே 193 வரும். முன்பைவிட உறுதியாக வரும். நான் மாணவர்களிடம் மீண்டும் மீண்டும் சொல்வது இதைத்தான். சோதனைக்குச் சோதனை மாறாத விடையைச் சரியான விடை என்று நம்பிவிடாதீர்கள். சிதறல் கண்ணுக்குத் தெரியும், திருத்தவும் தோன்றும். ஒருபக்கச் சாய்வு தெரியவே தெரியாது.

வழி இருக்கிறது. மிஷெல் கிரெடியாக் 1989இல் முன்வைத்த மெய்நிகர் புல முறையில், வேலைச் சமன்பாட்டுக்கு நீங்கள் அளந்த இடப்பெயர்ச்சியையே போட வேண்டியதில்லை. விளிம்பு நிபந்தனைகளுக்கு ஒத்துப்போகும் எந்தத் தொடர்ச்சியான புலத்தையும் (ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் இடப்பெயர்ச்சியைத் தரும் சார்பையும்), ஓர் எளிய பல்லுறுப்புக் கோவையைக்கூட, போடலாம். அப்போது அளந்த திரிபு சமன்பாட்டில் ஒரே ஒரு முறைதான் வரும், வர்க்கம் வராது. இரைச்சலின் கூட்டல் பகுதியும் கழித்தல் பகுதியும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். தகுதியான புலங்களுக்கு முடிவில்லை. அவற்றுள் இரைச்சலுக்கு மிகக் குறைவாக அசைந்துகொடுக்கும் புலத்தைக் கணக்கிட்டே தேர்ந்தெடுக்கலாம் என்று அவ்ரில், கிரெடியாக், பியரோன் மூவரும் 2004இல் காட்டினார்கள். உங்கள் தரவை அப்படியே வைத்துக்கொண்டு, கணக்கை மட்டும் இப்படி மாற்றிச் செய்து பாருங்கள்.

கேள்வி: என் மென்பொருள் இடப்பெயர்ச்சியை 0.01 பிக்சல் வரை துல்லியமாகத் தருகிறது. அப்படியிருக்க 300 மைக்ரோதிரிபு இரைச்சல் எங்கிருந்து வரும்?

பதில்: வகைக்கெழுவிலிருந்து. திரிபு என்பது இரண்டு இடப்பெயர்ச்சிகளின் வித்தியாசத்தை இடைவெளியால் வகுப்பது. இரண்டிலும் 0.01 பிக்சல் இரைச்சல் இருந்தால் வித்தியாசத்தில் ஏறத்தாழ 0.014 பிக்சல் இருக்கும். 10 பிக்சல் இடைவெளியில் அது 1400 மைக்ரோதிரிபு. 250 மெகாபாஸ்கலில் நெகிழும் எஃகு ஏறத்தாழ 1200 மைக்ரோதிரிபிலேயே நெகிழத் தொடங்கிவிடுகிறது, அதாவது பழைய வடிவுக்குத் திரும்பாமல் நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடுகிறது. அதாவது மீள் எல்லை முழுவதும் இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கிறது! 300க்கு இறக்க வேண்டுமானால் இடைவெளி 47 பிக்சல் ஆக வேண்டும்.

அப்படியே அகலமாக்கிக்கொண்டே போகவும் முடியாது. அகலமான தகட்டின் சிறு துளை விளிம்பில் தகைவு (ஓரலகுப் பரப்பின் மேல் விழும் விசை) மூன்று மடங்காகிறது என்பது 1898இல் கிர்ஷ் கண்ட முடிவு. அந்த உச்சம் துளைக்கு மிக அருகிலேயே சரிந்துவிடுவது. அகன்ற சாளரம், அதாவது திரிபைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் அகன்ற இடைவெளி, அதை மழுக்கிவிடும். ஆகவே சாளர அளவைப் பழக்கத்தால் முடிவுசெய்யாதீர்கள். குணகம் தெரிந்த ஒரு தகட்டைக் கணினியில் இழுத்து, செயற்கைப் படங்களை உருவாக்கி, உங்கள் கேமராவின் இரைச்சலை அவற்றில் சேர்த்து, முழுக் கணக்கையும் ஓட்டுங்கள். போட்ட குணகம் எந்தச் சாளரத்தில் மிக நெருக்கமாகத் திரும்பி வருகிறது என்று பாருங்கள்.

கேள்வி: சுமையில்லாத தகட்டை இரண்டு முறை படமெடுத்து ஒப்பிட்டால் இரைச்சல் அளவு தெரிந்துவிடுமா?

பதில்: கேமராவின் இரைச்சல் தெரியும். அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் விளக்குச் சூட்டில் நெளியும் காற்றும், தகடு கேமராவை நோக்கி நகர்வதும் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் முழுமையாக அகப்படா. ஒற்றைக் கேமரா 500 மில்லிமீட்டர் தொலைவில் இருக்க, தகடு 0.1 மில்லிமீட்டர் முன்னே வந்தால் படம் பெரிதாகி, இரு திசைகளிலும் 200 மைக்ரோதிரிபு பொய்யாகக் கூடும். நீள்வாக்கில் 1000, குறுக்கே −300 என்று இருக்க வேண்டியவை 1200, −100 என்று பதிவாகும். 0.3 ஆக இருக்க வேண்டிய பாய்சான் விகிதம் (குறுக்குச் சுருக்கத்தை நீள்வாக்கு நீட்சியால் வகுத்தது) 0.08க்கு வந்துவிடும். இதை எந்தச் சராசரியும் திருத்தாது. இரண்டு கேமராக்களோ, தொலைவு சற்று மாறினாலும் படத்தின் அளவை மாற்றாத டெலிசென்ட்ரிக் லென்ஸோ தேவை.